விறாந்தையில் பார்த்த படங்கள்

'டூரிஸ்ட் ஃபேமிலி'யைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. 2025 மே மாதம் வெளிவந்த படம். எனக்குப் பிடித்துவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கிற அண்ணாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. அம்மா ஒருநாள் என் பக்கம் கதைக்கிறா, மறுநாள் தொலைபேசியில் அண்ணாவின் பக்கம் போய்விடுகிறா.

கொழும்பில் வேலை பார்க்கிற மகன் லீவுக்கு வரும்போது தன் மடிக்கணினியை எங்கள் ரீவியோடு பொருத்திவிடுவான். திரியாயில் எங்கள் வீட்டு விறாந்தைதான் அன்றைக்குத் தியேட்டர். அம்மாவுக்குக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய். அயலிலிருந்து மாமியும் சின்னம்மாவின் பிள்ளைகளும் வந்து சேருவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தோம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் தர்மதாஸ், வசந்தி, இரண்டு பையன்கள் என்று ஒரு குடும்பம் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்குகிறது. சென்னைக்குப் போய், தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஒரு தெருவில் குடியிருக்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் தமிழைக் கதைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். சில இடங்களில் அது வழுக்குகிறது. ஆனால் வழுக்கினாலும் கேலியாக ஒலிக்கவில்லை. எங்கள் பேச்சைச் சிரிப்புக்காக வைத்த படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சிறிய விசயமில்லை. 2000ஆம் ஆண்டு வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் பி.எச். அப்துல் ஹமீதின் துணையோடு கதைத்த தமிழ் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஒரு மனிதன். அவனுடைய பயத்தைப் பார்த்து மண்டபம் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"டேய், அந்த மனிசி செத்த வீட்டைப் பார்த்தியோ?" என்று அம்மா தொலைபேசியில் அண்ணாவைக் கேட்டா. அதுதான் படத்தின் உயிரான இடம். அந்தத் தெருவில் ஒரு வயோதிபத் தம்பதி. மனைவி இறந்துபோகிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற தெருவிலே, நேற்று வந்த தர்மதாஸ் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி அந்தச் செத்த வீட்டை நடத்திவைக்கிறார். அதைப் பார்க்கும்போது மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தா. எங்கள் ஊரில் செத்த வீடென்றால் யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. பறை கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு எழும்புவோம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் மிகச் சிறிய வயதுக்காரர் என்கிறார்கள். அகதிக் குடும்பத்தை இரக்கப்படுவதற்குரிய பொருளாக வைக்காமல், அந்தத் தெருவுக்கு ஏதோ கொடுக்க வந்தவர்களாக வைத்தது அவருடைய நல்ல மனம். அதற்காகவே நான் இந்தப் படத்தின் பக்கம் நிற்கிறேன்.

அண்ணாவின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. படத்தில் கரையில் மறிக்கிற பொலிஸ்காரர் மனமிளகி விட்டுவிடுகிறார். 2022 மார்ச்சுக்குப் பிறகு மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் உண்மையாகவே படகேறிப் போன குடும்பங்கள் தனுஷ்கோடி மணற்திட்டில் இறங்கி, விசாரிக்கப்பட்டு, மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டன. "முகாம் எங்கயடி படத்தில? பதிவு எங்க? மாலை நேரச் செக்கிங் எங்க?" என்று அண்ணா கத்துவார். அந்த முகாமில் அவரும் இருந்தவர், நானும் இருந்தவள். அந்தப் படத்தை யாராவது இனி எடுக்க வேண்டும். இந்தப் படம் அதை எடுக்கவில்லை என்பதற்காக இதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் படம் பார்க்கக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டைக்குப் போகிற வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி கடந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல் வந்தால் திரியாய். வயலும் குளமும் காடும் மாடும் உள்ள ஊர். ஊருக்குத் தியேட்டர் கிடையாது. பட்டினத்தில் நெல்சனும் ஸ்ரீ கிருஷ்ணாவும் இருந்தன. அங்கே ஒரு படத்துக்குப் போவதென்றால் அது கோணேசர் கோயில் திருவிழாவோடு சேர்த்து வைத்துக்கொள்கிற பயணம். மற்றப்படி எங்களுக்குப் படம் என்பது வானொலிதான். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா படங்களின் விளம்பரத்தை மூச்சுவிடாமல் சொல்லும்போது, அந்தக் குரலை வைத்தே முழுப் படத்தையும் மனதில் ஓட்டிவிடுவோம். பிறகு உண்மைப் படத்தைப் பார்த்தால் பல நேரம் ராஜாவின் படம்தான் நன்றாக இருந்தது.

1984ஆம் ஆண்டளவில் ஊருக்கு வீடியோ டெக் வந்தது. கல்யாணம் முடிந்த ஒரு வீட்டில் ஏற்பாடு. பட்டினத்திலிருந்து ரீவிப் பெட்டியை இரண்டு படுக்கை விரிப்பால் சுற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஜெனரேற்றரை வைக்கோற்போருக்குப் பின்னால் வைத்தும் அதன் இரைச்சல் முற்றம் முழுவதும் கேட்டது. பெட்டிக்குக் கீழே டெக். அதை இயக்க வந்த பையனுக்கு அன்றிரவு மாப்பிள்ளைக்கு இருந்த மரியாதை. திரையில் கோடு விழுந்து உருவங்கள் நெளியத் தொடங்கினால் முற்றமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பையன் கெசற்றை வெளியே எடுத்து, டெக்கின் மூடியைக் கழற்றி, சுண்டுவிரலில் சுற்றிய துணியால் உள்ளே உருளையைத் துடைப்பான். துடைத்த துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பான். கறுப்பு இருந்தால் இன்னொருமுறை. பிறகு மூடியைப் போடாமலே கெசற்றைத் தள்ளுவான். உருவம் நேராக வந்ததும் பெரியவர்கள் கைதட்டுவார்கள்.

முதற் படம் எப்போதும் சாமிப் படம். அன்றைக்கு 'திருவிளையாடல்'. வீபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்த கிழவர்கள் அது முடிந்ததும் எழும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவது எம்.ஜி.ஆர். படம், 'உலகம் சுற்றும் வாலிபன்'. அதில்தான் நான் யப்பானைப் பார்த்தேன். மூன்றாவது படம் தொடங்கும்போது விடியச்சாமம். பாயில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் நித்திரை. 'மூன்றாம் பிறை'. சுகமாகிவிட்ட ஸ்ரீதேவி ரயிலில் இருந்து கமலை யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்துப் பார்ப்பதும், கமல் சட்டியைத் தலையில் வைத்துக் குரங்காட்டம் ஆடுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. பால் கறக்க எழும்பி வந்த ஒரு பெத்தாச்சி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, "எடியே, ஒருக்காத் திரும்பிப் பாரன்" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டா. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படம் நல்ல படமா என்று எனக்குச் சொல்வது இன்றைக்கும் அந்தச் சத்தம்தான். பார்க்கிறவர்கள் திரைக்குள்ளே இருக்கிற ஒருவரோடு கதைக்கத் தொடங்க வேண்டும்.

1985 ஜூனில் ஊர் எரிந்தது. அந்த முற்றமும் வீடும் போயின. ஓகஸ்டில் உயிர்களும் போயின. சனம் சிதறியது. அதை இங்கே விரிக்கப்போவதில்லை.

பட்டினத்தில் உறவுக்காரர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், மாமா எங்களை நெல்சனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுபடி போட்ட பழைய படம், 'வசந்த மாளிகை'. ஊரடங்குக் காலம் என்பதால் பகற் காட்சிதான். வீடிழந்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு மாளிகை கட்டுகிற கதையைக் காட்டுகிறாரே என்று அத்தை மாமாவைப் பேசியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நாங்கள் சந்தோசமாகத்தான் பார்த்தோம். சிவாஜி கண்ணாடிச் சுவருக்கு நடுவில் நின்று கேட்கிற கேள்விகளையெல்லாம் அண்ணா வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார். எரிந்த ஊரைப் பற்றிக் கதைக்கத் தெரியாத வயதில் எங்களுக்குக் கதைக்க ஏதோ கிடைத்தது.

1990இல் சண்டை மறுபடி தொடங்க, படகேறி மண்டபம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களை மறித்துத் தொற்றுநோய் பார்ப்பதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் அமைத்த முகாம் அது. எங்கள் காலத்தில் எதிர்த் திசையில் வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மாலையில் ஆட்களை எண்ணுவார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி இறுகியது. வெளியே கடைக்குப் போனால் ஊர்க்காரர் மாதிரிக் கதைக்கப் பழகினோம். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் அந்தப் பையன்கள் வாயை அடக்குகிற காட்சியை நடிப்பாக என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வருசத் தீபாவளிக்கு 'தளபதி' வந்தது. சில மாதங்கள் கழித்துப் பக்கத்து ஊர்த் தியேட்டரில் பார்த்தோம். பெண்கள் பகுதி, மணல் தரை. படம் தொடங்கியதும் ஒரு சிறு பெண் பெற்ற பிள்ளையைக் கூட்ஸ் ரயிலில் கிடத்திவிட்டுப் பின்னாலேயே ஓடுகிறாள். எங்களோடு வந்த ஒரு தாய் அந்த இடத்திலேயே எழும்பி வெளியே போய்விட்டா. மகனை முதற் படகில் ஏற்றிவிட்டு அடுத்த படகுக்காகக் காத்திருந்து, பிறகு அவனைக் காணாதவ அவ. ரஜினிக்காக வந்த பொடியன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். அவ வெளியே வேப்பமரத்துக்குக் கீழே படம் முடியும்வரை இருந்தா.

பதினொரு வருசம் கழித்து, 2002இல், அதே மணிரத்னம் எங்களைப் பற்றியே 'கன்னத்தில் முத்தமிட்டால்' எடுத்தார். அகதி முகாமில் பிள்ளையைப் பெற்றுவிட்டுப் போராட்டத்துக்குத் திரும்பிப் போன தாய். அந்தத் தாயைத் தேடி வருகிற வளர்ப்பு மகள். உலகம் முழுவதும் கொண்டாடிய படம். பாட்டுகளை நானும் கொண்டாடினேன். ஆனால் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: முகாமில் இருந்த தாய்மாரை 'தளபதி'தான் அறிந்திருந்தது. எங்களை நினையாமல் எடுத்த படம் எங்களைத் தொட்டது. எங்களை நினைத்து எடுத்த படத்தில் நாங்கள் தூரத்தில் நின்றோம். இலங்கைக் காட்சிகளை இந்தியாவிலேயே எடுத்தார்கள். அந்தக் காலத்தில் வேறு வழியும் இருந்திராது. இடத்தை மாற்றி எடுப்பதை நான் மன்னித்துவிடுவேன். அந்தத் தாய் கடைசியில் மகளுக்கு முன்னால் வந்து நிற்கும்போது அவளுக்கென்று ஒரு சமையல், ஒரு தூக்கம், ஒரு எரிச்சல் இருப்பதாகவே தெரியவில்லையே, அதுதான் குறை. அவள் ஒரு பதாகை போல நிற்கிறாள்.

அந்த 2002இன் சமாதானத்தில்தான் எங்கள் சனம் மெல்ல மெல்லத் திரியாய்க்குத் திரும்பத் தொடங்கியது. காடு வீடுகளுக்கு மேலே ஏறியிருந்தது. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் எங்கள் வளவைக் கண்டுபிடித்தோம்.

அதே மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வ'னுக்கு வருகிறேன். முதற் பாகம் 2022 செப்ரெம்பர் கடைசியில் வந்தது. அந்த வருசத் தொடக்கத்தில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களைப் பார்த்திருந்தோம். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்தோம். அதனால் பட்டினத்துத் தியேட்டரில் படம் ஓடுகிறது என்றதும், படம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டோம். பெரிய திரையும் குளிரும் கூட்டமும் எவ்வளவு தேவைப்பட்டிருந்தன என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

படத்தில் இலங்கையாக வருவது தாய்லாந்து. யானையும் காடும் கோயில்களும் கண்ணுக்கு நிறைவு. அருள்மொழிவர்மனுக்குப் புத்த பிக்குகள் ஈழத்து முடியைத் தர முன்வருகிற காட்சியில், பக்கத்தில் இருந்த மகன், "இது நடந்ததா அம்மா?" என்று கேட்டான். அது கல்கியின் கற்பனை. அவனுக்கு நான் காட்ட வேண்டிய வேறொன்று இருந்தது. திரும்பி வருவதற்கு முன் மறுநாள் அவனைப் பெரியகுளத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வெல்கம் விகாரை, எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். அங்கே கல்லில் தமிழ் எழுத்து. இராஜராஜப் பெரும்பள்ளி என்று அந்தப் பௌத்த விகாரைக்குப் பெயர். விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். தமிழர்கள் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானம். நிலாவெளியிலும் மானாங்கேணியிலும் கூடச் சோழர் காலக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டும் எங்கள் பஸ் போகிற வழி. எங்கள் ஊர் மலையிலோ அதற்கும் முந்திய கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம், கடலோடி வணிகர் பெயர்களோடு.

ஆகவே 'பொன்னியின் செல்வ'னில் எனக்குள்ள மனக்குறை தாய்லாந்தைப் பற்றியது இல்லை. சோழன் இங்கே வந்து போனான் என்பதைக் காட்டுகிற படம், இங்கே இருந்த மனிதர்களைக் காட்டவில்லை. விளக்குக்குப் பசு கொடுத்தவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். அரண்மனைப் பெண்களின் காட்சிகள் அருமை. குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கிற இடத்தில் தியேட்டரே அமைதியாகிவிட்டது. இரண்டாம் பாகத்தை 2023இல் வீட்டில் பார்த்தோம். அது வீட்டில் பார்க்கிற படமில்லை. பாதியில் மாமி கொட்டாவி விட்டா.

ஊர்ப் பொடியன்களுக்குப் பிடித்த படம் 'லப்பர் பந்து'. 2024இல் வந்தது. மாமனாராகப் போகிற துடுப்பாட்டக்காரருக்கும் மருமகனாகப் போகிற பந்துவீச்சாளருக்கும் இடையிலான முறுக்கு. மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்காத கிராமம் கிழக்கில் இல்லை. வெற்றிக் கிண்ணத்தை விட அதற்குப் பிறகு வருகிற சண்டைதான் பெரிது. தினேஷ் நடித்த அந்த 'கெத்து' எங்கள் குச்சவெளிப் பக்கத்திலும் இருக்கிறார் என்று பொடியன்கள் அடித்துச் சொன்னார்கள். சாதியைப் பற்றி அந்தப் படம் கதைக்கிற விதம் எனக்குப் பிடித்தது. பிரசங்கம் வைக்காமல், யார் அணியில் சேர்க்கப்படுகிறான் என்பதிலேயே வைத்துவிட்டார்கள். இதை எங்கள் ஊர்களில் சத்தமாகச் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

'கொட்டுக்காளி'யை எல்லாரும் எழும்பிப் போனபிறகு அம்மாவும் நானும் மட்டும் பார்த்து முடித்தோம். பி.எஸ். வினோத்ராஜின் படம். பிடிவாதக்காரி என்று சொல்லப்படுகிற ஒரு பெண்ணைப் பேய் பிடித்ததாகச் சந்தேகித்து, குடும்பமே ஓட்டோவில் சாமியாரிடம் கொண்டுபோகிறது. அவள் வாய் திறப்பது அபூர்வம். பின்னணி இசையும் இல்லை. அந்த இரவு எங்கள் வயற்பக்கம் யானை வந்துவிட்டது. தூரத்தில் யானை வெடி, தகரம் தட்டுகிற சத்தம், நாய்க் குரைப்பு. படத்துக்குள்ளிருந்து எது வருகிறது, வெளியிலிருந்து எது வருகிறது என்று தெரியவில்லை. அம்மா ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பாவம், அவளை விட்டிட்டா அவள் சுகமாயிடுவாள்" என்றா. சூரியின் நடிப்பைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் வந்தன. எனக்கு அம்மாவின் அந்த ஒரு வரி போதும்.

இந்த வரிசையில் 'மெய்யழக'னை நான் மற்றவற்றோடு சேர்த்து வைப்பதில்லை.

சி. பிரேம்குமார் இயக்கியது, 2024 செப்ரெம்பர். சொத்துத் தகராறில் சொந்த வீட்டை இழந்து, 1996இல் ஒரே இரவில் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பம். இருபது வருசத்துக்கு மேல் கழித்து, தங்கை முறையான புவனாவின் கல்யாணத்துக்காக அரவிந்த்சாமி நீடாமங்கலம் வருகிறார். கல்யாண மண்டபத்தில் ஒரு சொந்தக்காரன் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறான்; அவன் பெயர் என்னவென்று இவருக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான் கதை. வெளியான சில நாட்களில் நீளம் அதிகம் என்று பதினெட்டு நிமிடமளவில் வெட்டினார்கள். எனக்கு ஒரு நிமிடமும் நீளமாகத் தெரியவில்லை.

அண்ணா அப்போது கனடாவிலிருந்து வந்து நின்றார். பல வருசங்களுக்குப் பிறகு வந்திருந்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பழைய வீட்டின் அத்திவாரக் கல் ஒன்றில் இருந்தார். யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. ஊர்க்காரர் ஒவ்வொருவராக வந்து, "என்னைத் தெரியுதோ தம்பி?" என்று கேட்பார்கள். அண்ணா சிரித்துச் சமாளிப்பார். அவர்கள் போனதும் என்னிடம் திரும்பி, "இது ஆர்?" என்பார். அப்படி ஒரு பின்னேரத்துக்குப் பிறகுதான் இந்தப் படத்தைப் போட்டோம்.

கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கைக்குக் கொண்டுவந்த நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிற காட்சி வந்தது. கடைசியில் கீழே குந்தி, அவளுடைய காலில் கொலுசைப் பூட்டுகிறார். மணப்பெண் அழுகிறாள். மாப்பிள்ளையும் கலங்கி நிற்கிறான். எங்கள் விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. என் கல்யாணம் இங்கே நடந்தபோது அண்ணா வர முடியவில்லை. விசா இல்லை, பாதையும் இல்லை. தாலிக்கொடிக்கு அவர் அனுப்பிய காசுதான் வந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணா கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். பிறகு, "கொலுசு வாங்கித் தரட்டோ உனக்கு?" என்றார். எனக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

அந்தப் படத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது சைக்கிள். அரவிந்த்சாமி ஊரை விட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய சைக்கிள் அந்தச் சொந்தக்காரனின் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. விட்டுப்போனவருக்கு அது தெரியவே தெரியாது. ஊரை விட்டுப் போனவர்கள் தாங்கள் இழந்ததைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் விட்டுப்போனது யாருக்கு என்னவாக ஆனது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அண்ணாவின் கணக்குப் புத்தகங்களை வைத்துப் படித்த பக்கத்து வளவுப் பையன் இன்று ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர். அதை அன்றிரவுதான் அண்ணாவுக்குச் சொன்னேன். அடுத்தநாள் காலையில் அவர் தானாகவே அந்த ஆசிரியரைத் தேடிப் போனார். ஒரு படம் இதைச் செய்துவிட்டதென்றால், கார்த்தி அதிகமாகக் கதைக்கிறார் என்பது போன்ற குறைகளை நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவும் தமிழ்நாட்டுப் படங்கள். எங்களுடையவை எங்கே? கொழும்பில் ஒரு சிறப்புக் காட்சியில் விசாகேச சந்திரசேகரத்தின் 'மணல்' பார்த்தேன். 2023இல் றொட்டர்டாம் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்ற தமிழ்ப் படம். தடுப்பிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்புகிற ருத்திரன், காணாமற்போன வாணியைத் தேடுகிறான். மெதுவான படம். சில காட்சிகள் வெளிநாட்டுக்காரருக்காகவே நிற்பது போல நிற்கின்றன. ஆனால் ருத்திரனின் தாயின் முகமும், அவ நேர்த்தி வைக்கிற விதமும் எங்களுடையவை. கன் விழாவில் 2015இல் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தில் ஷோபாசக்தி கதைக்கிற தமிழும் அப்படித்தான். கடைசித் துப்பாக்கிச் சண்டை மட்டும் யாரோ வேறொருவர் கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருந்தது. 'மணல்' திரியாய்க்கு வரவில்லை. முல்லைத்தீவுக்கோ மூதூருக்கோ போனதாகவும் நான் கேள்விப்படவில்லை. யாருடைய கதையோ அவர்கள் பார்க்காமல் விழாக்களில் மட்டும் ஓடுவதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

முந்திய தலைமுறை முயன்று பார்த்தது. 1970களில், இந்தியப் படங்களின் இறக்குமதி குறைக்கப்பட்ட காலத்தில், இங்கே தமிழ்ப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. 'குத்துவிளக்கு', தர்மசேன பத்திராஜா எடுத்த 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. திருகோணமலையிலும் ஒரு படம் பிறந்தது. வைத்தியர் எஸ்.ஆர். வேதநாயகம் தயாரித்து, எம்.ஏ. கபூர் இயக்கி, 1978இல் வெளிவந்த 'தென்றலும் புயலும்'. அப்பா அதைப் பட்டினத்தில் பார்த்தவர். "எங்கட கடற்கரையைத் திரையில பார்க்கேக்க வேற மாதிரி இருந்தது" என்று சொல்வார். அப்பா இப்போது இல்லை. அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. தேடிக் கேட்டும் இதுவரை கிடைக்கவில்லை. 1983 யூலையில் கொழும்புப் பக்கத்தில் ஸ்ரூடியோவும் படச் சுருள்களும் எரிந்தபோது எங்கள் படங்கள் பலவும் அழிந்தன.

'தென்றலும் புயலும்' படத்தின் ஒரு பிரதி, அது வீடியோ கெசற்றாக இருந்தாலும், கோடு விழுந்திருந்தாலும், உங்களில் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது இருக்கலாம். கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கலாம். இருந்தால் தயவுசெய்து அதைத் துடைத்து, கணினியில் ஏற்றி, திருகோணமலைக்கு அனுப்பிவையுங்கள். இன்று படம் எடுக்கிற பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன்: விழாக்களுக்கு அனுப்புங்கள், அதற்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கும் கொண்டுவாருங்கள். பாடசாலை மண்டபம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. திரியாய்ச் சனம் பாயோடு வரும்.